புதுப்பிப்பு: பழைய அலைன்மென்ட் மெஷினில் மாறிக்கொண்டே இருந்த கேம்பர் ரீடிங்

முன்பு கேட்டிருந்தது இதுதான்: பழைய சிசிடி (ஒளியை உணரும்) சென்சார் வீல் அலைன்மென்ட் மெஷினில் அதே காரை இரண்டு முறை பார்த்தால், முன் இடது சக்கரத்தின் கேம்பர் (செங்குத்திலிருந்து சக்கரம் சாயும் கோணம்) 0.3 டிகிரி வரை மாறுகிறது. கம்ப்யூட்டரும் தேதியை மறக்கிறது. இரண்டும் இப்போது சரி.

சென்சாரில் கோளாறில்லை. சென்சாரைச் சக்கரத்தில் பிடிக்கும் கிளாம்ப்பை மட்டும் வலது பக்கம் மாற்றி மாட்டியதும் தவறும் கூடவே போனது. கிளாம்ப்பின் நடுத்துளை புஷ் (உள்ளுறை) தேய்ந்து, சென்சாரின் தண்டு உள்ளே 0.2 மி.மீ. ஆடியது. 40 மி.மீ. நீள புஷ்ஷில் அது கிட்டத்தட்ட 0.29 டிகிரி! ரன்அவுட் காம்பன்சேஷன் (சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து மெஷின் செய்யும் திருத்தம்) கிளாம்ப்பின் கோணலை ஈடுகட்டும். ஆட்டத்தை ஈடுகட்டாது, ஏனென்றால் தண்டு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். லேத்தில் புது வெண்கல புஷ் கடைந்து போட்டாயிற்று.

கூடவே வாட்டர் டியூப் வைத்து மட்டம் பார்த்ததில், இடது டர்ன்டேபிள் (முன் சக்கரம் நிற்கும் சுழல் தட்டு) 4 மி.மீ. தாழ்ந்திருந்தது. 1.5 மீட்டர் அகலத்துக்கு அது 0.15 டிகிரி: ஒரு பக்கம் கூட்டும், மறுபக்கம் குறைக்கும். ஷிம் (மெல்லிய தகடு) வைத்து மட்டம் செய்த பிறகே சென்சார்களை மாட்டிச் சரிபார்க்கும் காலிபரேஷன் பாரில் ஜீரோ எடுக்க வேண்டும்.

தேதிக்குக் காரணம் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி. கழற்றுமுன் பயாஸ் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்) திரையை, முக்கியமாக ஹார்ட் டிஸ்க் செட்டிங்கை, போட்டோ எடுத்து வையுங்கள். டிஸ்க்கையும் அன்றே முழுதாகக் குளோன் (அப்படியே நகல்) செய்துவிடுங்கள். பல மாடல்களில் காலிபரேஷன் மதிப்புகள் அதில்தான் இருக்கும்.