மறு: ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு வேறு சொல் உண்டா?

வணக்கம் நண்பர்களே,

வெப்ப அலை பற்றி ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்று வரும் இடத்தில் பிழை திருத்துபவர் வட்டம் போட்டு, ஓரத்தில் 'எந்த பல்பு சார்?' என்று எழுதி அனுப்பியிருந்தார். சிரிப்பு வந்தது, ஆனால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. வெப்பமானியின் அடியில் இருக்கும் பாதரசக் குமிழில் ஈரத்துணியைச் சுற்றினால், தண்ணீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், பாதரசம் இறங்கும், இறங்கி எங்கே நிற்கிறதோ அதுதான் அந்த அளவு. பெயர் கருவியைச் சொல்கிறது. பஸ்ஸில் பேப்பர் படிக்கிறவருக்குக் கருவி எதற்கு? அவர் உடம்புக்கு என்ன ஆகும் என்பதல்லவா செய்தி!

அதற்கு நம்மிடம் பழைய சொல் ஒன்று இருக்கிறது: புழுக்கம். வெயில் வேறு, புழுக்கம் வேறு என்று பாட்டிகளுக்கே தெரியும். புழுங்கல் அரிசியில் இருப்பதும் இதே புழுங்குதான், ஆவியில் வேகிற சமாச்சாரம். ஆகவே என் பரிந்துரை 'புழுக்க வெப்பநிலை'.

இந்தச் சொல்லோடு எழுதிப் பாருங்கள். சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் புழுக்க வெப்பநிலை சுமார் 31. வேலூரில் 42 டிகிரி அடித்தாலும் ஈரப்பதம் 20 என்றால் சுமார் 24தான். தலைப்புச் செய்தி வேலூருக்குப் போய்விடுகிறது, சென்னைக்காரர் கொடியில் போட்ட துண்டு சாயங்காலம் வரை காயாமல் வேர்வையோடு நிற்கிறார். துண்டு காயாத காற்றில் வேர்வையும் காயாது, உடம்பும் ஆறாது. மண்பானைத் தண்ணீர்கூட அன்றைக்குச் சரியாகக் குளிராது.

> ஒருவர் கேட்கிறார்: புழுக்கம் என்பது உணர்வு, அளவு அல்ல. மார்கழி விடியற்காலையில் 'புழுக்க வெப்பநிலை 18' என்று எழுதுவீர்களா?

எழுதலாம் ஐயா. பனிக்கட்டிக்கும் 'வெப்பநிலை 0' என்றுதானே சொல்கிறோம், அதில் வெப்பம் எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. உணர்வைச் சொல்ல 'உணர் வெப்பநிலை' தனியாகப் புழக்கத்தில் இருக்கிறது, கைப்பேசி வானிலைச் செயலியில் வருகிறதே, அது வேறு கணக்கு. இரண்டையும் குழப்பினால்தான் ஆபத்து.

ஏனென்றால் இந்த எண் சும்மா இல்லை. 35 டிகிரி புழுக்க வெப்பநிலையில் நெடுநேரம் இருந்தால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் திடகாத்திரமான ஆளும் தாங்கமாட்டார் என்பது 2010இல் ஷெர்வுட், ஹூபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு. பிறகு 2022இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளவயதினரை அறையில் வைத்துச் சோதித்தபோது, ஈரக்காற்றில் சுமார் 31இலேயே உடல் சூடு கட்டுப்பாடில்லாமல் ஏறத் தொடங்கிவிட்டது. மேலே சென்னைக்குச் சொன்ன அதே 31. 'ஈரக்குமிழ் 31' என்று போட்டால் இதை யார் நின்று படிப்பார்கள்?

பாடநூலில் ஈரக்குமிழ் அப்படியே இருக்கட்டும், ஆய்வகத்தில் அதுதான் சரி. செய்தியில் முதல் முறை வரும்போது மட்டும் அடைப்புக்குறிக்குள் அதையும் போட்டுவிட்டால் தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

எனக்குச் சிக்கிக்கொண்டது இன்னொன்று. கறுப்புக் கோளம் ஒன்றையும் சேர்த்து வைத்து, நேரடி வெயில், காற்று எல்லாம் கணக்கில் வருகிற மாதிரி ஓர் அளவு எடுக்கிறார்களே, வெளியில் வேலை செய்கிறவர்களுக்கு எப்போது ஓய்வு கொடுப்பது என்று பார்க்க? 'ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை' என்று எழுதி நானே அடித்துவிட்டேன். யாருக்காவது ஏதாவது தோன்றுகிறதா?