நம்ம வீட்டு குரூப்: அண்ணாவோட எல்டிஎல்

அண்ணா: (ரிப்போர்ட் போட்டோ) எல்லாரும் பாருங்க. எல்டிஎல், அதான் கெட்ட கொழுப்பு, 248ல இருந்து 214. டாக்டர் குடுத்த மாத்திரை ஒண்ணுகூட போடல. காலைல ஓட்ஸ், ராத்திரி பச்சைப் பூண்டு, மீன் எண்ணெய் கேப்சூல், ரெட் ஈஸ்ட் ரைஸ் கேப்சூல். அவ்ளோதான்.

காட்பாடி மாமா: சூப்பர்பா! இங்கிலீஷ் மருந்தே வாணாம்னு நான் அன்னிக்கே சொன்னேன்.

பெரியம்மா: நல்லா இருப்பா சாமி. இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா வாங்கி வெச்சிகிறேன். எண்ணெ கம்மியா ஊத்தி கொழம்பு வெச்சி குடுத்தனுப்புறேன்.

நான்: அண்ணா, 34 குறைஞ்சது நெஜம். நீ வாயைக் கட்டுனதுக்கு வந்த பலன், அதை விடாத. ஆனா டாக்டர் குடுத்த அடோர்வாஸ்டாட்டின் 40ங்கற ஸ்டாட்டின் மாத்திரை (கொழுப்பைக் குறைக்கற மருந்து வகை) போட்டப்ப உனக்கு 132 வந்துது. அந்த ரிப்போர்ட்டும் இதே குரூப்ல மேல கிடக்குது, போய் பாரு.

அண்ணா: அப்ப தொடை வலி தாங்கல. ஸ்டாட்டின்னா சதையையே தின்னுடும்னு வீடியோல சொல்றாங்க.

நான்: வலிக்குதுன்னா டாக்டர்கிட்ட சொல்லணும். சிகே (சதை பாதிச்சிருக்கான்னு காட்டற ரத்த டெஸ்ட்), தைராய்டு, விட்டமின் டி பாப்பாங்க. டோஸ் குறைப்பாங்க, இல்லன்னா ரோசுவாஸ்டாட்டின்னு வேற ஸ்டாட்டினுக்கு மாத்துவாங்க, ஸ்டாட்டின் இல்லாத எசெட்டிமிப் மாத்திரை சேப்பாங்க. எவ்ளோ வழி இருக்கு, நீயா நிறுத்தறது மட்டும் வேணாம். வலியால ஸ்டாட்டின் விட்டவங்களுக்கே சில மாசம் அந்த மாத்திரையும், சில மாசம் மருந்தே இல்லாத வெத்து மாத்திரையும் மாத்தி மாத்தி குடுத்து லண்டன்ல பாத்தாங்க. 2020ல ரிசல்ட் வந்துது. வெத்து மாத்திரையிலயும் ஏறக்குறைய அதே தொந்தரவு. கடைசில பாதி பேர் திரும்ப ஸ்டாட்டின் போட ஆரம்பிச்சிட்டாங்க.

காட்பாடி மாமா: அது சரிம்மா. இயற்கையா குறையறப்ப இன்னாத்துக்கு கெமிக்கல்?

நான்: மாமா, அந்த ரெட் ஈஸ்ட் ரைஸ்ல இருக்கற மோனகோலின் கே, லோவாஸ்டாட்டின் ரெண்டும் ஒரே பொருள். அமெரிக்கால 1987ல முதல்ல விக்க வந்த ஸ்டாட்டினே அதுதான். அண்ணா ஸ்டாட்டின் நிறுத்தல, அளவு தெரியாத ஸ்டாட்டின் முழுங்கறாரு. ஒரு டப்பால அதிகம் இருக்கும், இன்னொண்ணுல ஒண்ணுமே இருக்காது. சிலதுல சிட்ரினின்னு கிட்னியக் கெடுக்கற பூஞ்சை விஷமும் இருக்கும். நான் மெடிக்கல்ல நிக்கறவ, கேட்டு வர்றவங்ககிட்டயும் இதான் சொல்வேன். மீன் எண்ணெய் ட்ரைகிளிசரைடுங்கற வேற வகை ரத்தக் கொழுப்புக்கு, எல்டிஎல் அதால குறையாது.

அண்ணா: இன்னும் ஆறு மாசம் கட்டுப்பாடா இருந்தா 130க்கு வராதா?

நான்: வராதுண்ணா. உன்னுது சாப்பாட்டால ஏறுன கொழுப்பு இல்ல, பரம்பரையா வந்தது. ரத்தத்துல இருக்கற எல்டிஎல்லப் பிடிச்சி உள்ள இழுக்கறது லிவர் மேல இருக்கற ரிசப்டர். பரம்பரையா வர்றவங்களுக்குப் பொறக்கும்போதே அந்த ரிசப்டருக்கான ஜீன் ரெண்டுல ஒண்ணு பழுது. வாசல்ல பாதி ஆள்தான் நிக்கறான். நீ ஆம்பூர் பிரியாணி சாப்ட்டாலும் கேவுரு கூழ் குடிச்சாலும் அதே பாதி ஆள்தான். இதைக் கண்டுபிடிச்ச பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985ல நோபல் குடுத்தாங்க. ஸ்டாட்டின் லிவரைக் கூடுதலா ரிசப்டர் போட வைக்குது. சாப்பாட்டை மாத்தி 10, 15 சதவீதம் குறைக்கலாம், அதை நீ குறைச்சிட்ட.

அண்ணி: இத பாரு. (போட்டோ) இவரு குதிகாலுக்கு மேல நரம்பு இப்டி தடிச்சி கிடக்குது. ஷூ தேய்ச்சதுன்னு சொல்றாரு.

பெரியம்மா: ஐயோ, உங்க மாமனாருக்கும் இதே எடத்துல இருந்துச்சே. பின்னாடி வார் வெச்ச செருப்பே போட மாட்டாரு, உறுத்துதுன்னு. யாரும் இன்னான்னு கேக்கல.

நான்: அது கொழுப்பு படிஞ்ச தடிப்பு பெரியம்மா. பெரியப்பா 46 வயசுல போனது டென்ஷனால இல்ல. இதுக்கு மருந்தே எடுக்காத ஆம்பளைங்கள்ல கிட்டத்தட்ட பாதி பேருக்கு 50 வயசுக்குள்ள ஹார்ட்ல பிரச்சன வந்துடுது. அண்ணாவுக்கு இப்ப 41. எனக்கு ராத்திரி தூக்கம் வரல, அதான் இவ்ளோ எழுதறேன்.

அண்ணி: குட்டிக்கு 10 வயசு. அவளுக்கும் வருமா?

நான்: பாதிக்குப் பாதி அண்ணி. இந்த வயசுல டெஸ்ட் எடுத்துடணும். இருந்தாலும் பயப்படாதீங்க, சின்ன வயசுல தெரிஞ்சிட்டா கையில பிடிச்சிடலாம். எங்கப்பாவுக்கு எடுத்தாச்சி, எல்டிஎல் 104தான். அவருக்கு இல்லாததால எனக்கு அந்த வழில வராது. அத்தைக்குத்தான் இன்னும் பாக்கல.

காட்பாடி மாமா: 62 வயசுல அவளுக்கு இன்னாத்துக்கும்மா?

நான்: அத்தைக்கு இருந்தா உங்க ரெண்டு பசங்களுக்கும் பாக்கணும் மாமா. சுமார் 250 பேர்ல ஒருத்தருக்கு இருக்கு, நெறைய பேருக்கு முதல் அட்டாக் வர்ற வரைக்கும் தெரியறதில்ல.

அண்ணா: சரிம்மா. பழைய சீட்டு தேடி எடுக்கறேன். திங்கக்கிழமை டாக்டர்கிட்ட தொடை வலியையும் சொல்றேன்.

நான்: அந்த கேப்சூல் டப்பாவையும் எடுத்துனு போ. முழுங்கிட்டு இருந்தத மறைக்காத. மாத்திரையோட சேத்து அதைப் போடக்கூடாது.

பெரியம்மா: கத்திரிக்கா கொழம்பு சாப்டலாமா?

நான்: தாராளமா. தேங்கா அரைக்காம வைங்க.

காட்பாடி மாமா: உங்க அத்தைய சனிக்கிழமை லேபுக்கு இட்டுனு வர்றேன். வெறும் வயித்துலயா?

நான்: மொதல் தடவ சாப்ட்டுட்டே வரலாம் மாமா. ட்ரைகிளிசரைடு அதிகமா வந்தா மட்டும் வெறும் வயித்துல திரும்ப எடுப்பாங்க. பசங்க ஊர்ல இருந்தா அவங்களையும் கூட்டினு வாங்க.