ஃபின் அடிக்கும்போது கெண்டைக்கால் பிடிச்சுக்குதா? உங்க அனுபவத்தை சொல்லுங்க

பாறைமீன்:

ஸ்கூபா பண்றவங்க இங்க நெறைய பேர் இருக்கீங்க, தண்ணிக்குள்ள ஃபின் (கால்ல மாட்டற துடுப்பு) அடிக்கும்போது கால் குறக்களி பிடிக்கிறத பத்தி தமிழ்ல யாரும் விரிவா பேசி நான் பாக்கல, அதான் ஆரம்பிக்கறேன். யார்கிட்ட கேட்டாலும் வாழைப்பழம் சாப்பிடு, தண்ணி நெறைய குடின்னு ரெண்டு வார்த்தையில முடிச்சிடறாங்க. சாப்பிடுங்க, குடிங்க, வேணாம்னு சொல்லல. ஆனா நான் கூட டைவ் பண்ணவங்கள கவனிச்ச வரைக்கும் பிரச்சனை பெரும்பாலும் வயித்துல இல்ல, உதைக்கிற விதத்துலயும் இடுப்புல வெயிட் கட்டியிருக்கிற விதத்துலயும்தான் இருக்கு.

அந்தமான் ஹேவ்லாக்ல டிக்ஸன்ஸ் பினக்கிள்னு ஒரு இடம், போனவங்களுக்கு தெரியும், அடியிலேர்ந்து எழும்பி நிக்கிற மூணு பாறைக் குன்று, கரண்ட் (நீரோட்டம்) இருக்கற நாள்ல ஒரு குன்றுலேர்ந்து அடுத்த குன்றுக்கு போறதே பெரும்பாடு. அன்னைக்கு என்கூட ஜோடியா டைவ் பண்ணவர் நல்ல ஓட்டக்காரர், கரையில மாரத்தான் ஓடறவர், ஸ்டாமினாவுக்கு குறையே கிடையாது. ஆனா முட்டியை மடக்கி மடக்கி சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிச்சுக்கிட்டே வந்தார். இப்படி அடிச்சா ஃபின் தண்ணிய பின்னாடி தள்ளாது, மேலயும் கீழயும் வழுக்கிட்டு போகும், ஆள் நகரமாட்டார், கெண்டைச்சதை மட்டும் வேலை செஞ்சுட்டே இருக்கும். பாதி வழியில திரும்பி பாக்கறேன், கையை பொத்தி பொத்தி திறந்து காமிச்சு அப்புறம் வலது கெண்டைக்காலை காட்டறார், குறக்களி சிக்னல் அதுதான். வெட்சூட் மேலயே சதை உருண்டையா திரண்டு நிக்கிறது தெரியுது.

பக்கத்துல இருந்த பாறைக்கு மறைவா, கரண்ட் அடிக்காத பக்கமா அவரை கூட்டிட்டு போனேன். அவர் காலை நேரா நீட்டிக்கிட்டார், நான் ஒரு கையால அவர் முட்டி மடங்காம பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால ஃபின் நுனியை அவர் முழங்கால் பக்கமா மெதுவா தள்ளினேன். வெடுக்குன்னு தள்ளக்கூடாது, சதை இன்னும் இறுகும். கொஞ்ச நேரத்துல கைக்கு கீழயே சதை இளகறது தெரிஞ்சுது. விட்டதும் உடனே உதைக்க விடல, கையால லேசா பிடிச்சு விட்டுட்டு, மூச்சு நிதானமாகட்டும்னு அங்கயே நின்னோம். பதறிப்போய் மூச்சு வாங்கினா சிலிண்டர்தான் காலியாகும். அப்புறம் கரண்ட எதிர்க்கற ப்ளானையே விட்டுட்டு அது போற போக்குல மிதந்து போய் சேஃப்டி ஸ்டாப் (மேல வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நிக்கிறது) முடிச்சு மேல வந்தோம். தனியா இருந்தா உங்க ஃபின் நுனியை நீங்களே எட்டி பிடிச்சு மார்பு பக்கமா இழுக்கலாம், வேலை ஒண்ணுதான்.

ஒண்ணு மட்டும் அழுத்தி சொல்றேன், லேசா சுருக்குன்னு இருக்கும்போதே சிக்னல் குடுங்க. முழுசா பிடிச்சதுக்கப்புறம் அவுக்கறது கஷ்டம், அதுவும் ஆழத்துல. உங்களுக்கு என்ன நடந்துச்சு, எது உதவிச்சு?

நிலாவெளி வாசி:

நான் திருகோணமலைப் பக்கம், சீசன் நேரம், வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும், ஆக்களை கடலுக்குள்ள கூட்டிக்கொண்டு போறனான். எனக்குத் தெரிஞ்சு கனபேருக்கு கால் பிடிக்கிறதுக்கு முதல் காரணம் தேவைக்கு மேல ஈயம் (இடுப்பு வெயிட்) கட்டுறதுதான். இறங்க ஏலாம போயிடுமோ எண்ட பயத்தில ரெண்டு கிலோ கூட கட்டுவினம், பிறகு அதை சரிக்கட்ட பிசிடிக்குள்ள (மிதக்கிறதை சரிபண்ணுற காத்து ஜாக்கெட்) காத்து அடிப்பினம். காத்து நெஞ்சுப் பக்கத்தை மேல தூக்கும், ஈயம் இடுப்பை கீழ இழுக்கும், ஆள் சரிஞ்சு நிண்டபடி நீந்துவார். ஒவ்வொரு உதையும் பாதி அவரை மேலதான் தள்ளும். அந்தக் கோலத்தில முக்கால் மணித்தியாலம் நீந்தினா ஆருக்குத்தான் கால் பிடிக்காது?

சிலிண்டர்ல 50 பார் அமுக்கத்துக்கு காத்து மிச்சம் இருக்கேக்க 5 மீட்டர்ல பிசிடியை வெறுமையாக்கிப் போட்டு சும்மா நிண்டு பாருங்கோ. ஆடாமல் நிக்க ஏலுமெண்டா உங்கட ஈயம் சரி. அலுமினியம் சிலிண்டர் டைவ் முடியேக்க கிட்டத்தட்ட 2 கிலோ பாரம் குறைஞ்சிடும், அதால துவக்கத்தில பாக்கிறதைவிட முடிவில பாக்கிறதுதான் நல்லது. கால் தொங்குதெண்டா இடுப்பில இருக்கிற ஈயத்தில கொஞ்சத்தை மேல சிலிண்டர் பட்டியில போட்டுப் பாருங்கோ.

கோணேசர் மலைக்குக் கீழ டைவ் பண்ணியிருக்கிறியளோ? 1956ல மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் பழைய கோயில் தூண்களைக் கண்ட இடம், எனக்கு அங்க இறங்கிற ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். அலை பாறையில அடிச்சு திரும்பிறதால தண்ணி முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டும். புது ஆக்கள் தண்ணி பின்னுக்கு இழுக்கேக்கயும் மூர்க்கமா உதைப்பினம், ஒரு அடியும் நகரமாட்டினம். பின்னுக்கு இழுக்கேக்க காலை சும்மா விடுங்கோ, முன்னுக்கு தள்ளேக்க ஒரு உதை உதையுங்கோ. மேல வந்து படகு தூரத்தில நிண்டா முதுகில கிடந்து நீந்துங்கோ, தொடைதான் கூட வேலை செய்யும், கெண்டைக்காலுக்கு கொஞ்சம் ஆறுதல்.

பெங்களூர் தமிழ்ச்சி:

எனக்கு கெண்டைக்கால் இல்ல, உள்ளங்கால். கர்நாடகாவுல நேத்ராணி தீவுக்கு முருடேஸ்வர்லேர்ந்து படகுல போறப்ப வாடகை ஃபின்தான், எங்க வாங்கினேன்னு சொல்ல வேணாம், என் கால் சின்னது, அங்க இருந்த சின்ன சைஸே எனக்கு லூஸ். "தண்ணில சரியாயிடும் மேடம்"னாங்க. ஆகல. ஃபின் கழண்டுடுமோன்னு கால் விரல் அதுவா சுருட்டி சுருட்டி பிடிச்சுக்குது, இருவது நிமிஷத்துல பாதத்துக்கு அடியில கம்பி வச்சு முறுக்கற வலி. டைவ்மாஸ்டர் அண்ணா தண்ணிக்குள்ளயே என் ஃபின் முன்பக்கத்தை அழுத்தி பாத்துட்டு உடனே புரிஞ்சுக்கிட்டார், மெதுவா மேல கூட்டிட்டு வந்து ரெண்டாவது டைவுக்கு அவரோட நியோப்ரீன் சாக்ஸை போட்டுக்க சொன்னார். அன்னைக்கு பெரிய ட்ரிவாலி மீன் கூட்டத்தை நிம்மதியா பாத்தேன்னா அந்த சாக்ஸாலதான்.

போட்டதும் விரலை ஆட்டி பாருங்க, ஆடணும். குதிகால் தூக்கக்கூடாது. டைட்டும் ஆகாது, ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் மரத்துப்போய் அதுவும் குறக்களியிலதான் முடியும். மாஸ்க்குக்கு அடுத்து சொந்தமா வாங்க வேண்டியது ஃபின்தான்னு எனக்கு தோணுது. ரொம்ப விறைப்பான ப்ளேடு வேண்டாம் தோழிகளே, கடைக்காரர் ஸ்பீடுன்னு சொல்வார், அந்த ஸ்பீடுக்கு சதை வேணும்.

பிசியோ அக்கா:

நான் பிசியோதெரபிஸ்ட், டைவும் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன் மன்னிக்கணும். குறக்களிக்கு உப்புச்சத்து குறைஞ்சதுதான் காரணம்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. தென்னாப்பிரிக்காவுல ஷ்வெல்னஸ் குழு அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் சேர்ந்த நெடுந்தூரப் போட்டி) வீரர்களை பரிசோதிச்சு 2011ல வெளியிட்ட ஆய்வுல, நீர்ச்சத்தோ சோடியமோ குறைஞ்சதுக்கும் குறக்களிக்கும் தொடர்பு தெரியல, மத்தவங்களைவிட வேகமா போனவங்களுக்கும் முன்னாடியே குறக்களி வந்தவங்களுக்கும்தான் அதிகமா வந்துச்சு. மக்னீசியம் மாத்திரையும் வயசானவங்களோட குறக்களிக்கு பெருசா பலன் தரலன்னு 2020 காக்ரேன் மதிப்பாய்வு (பல ஆய்வுகளை சேர்த்து அலசற அறிக்கை) சொல்லுது. ஆக முக்கியமான சந்தேகம் சதை களைச்சுப்போறது மேலதான். களைச்ச சதைக்கு நரம்புலேர்ந்து 'சுருங்கு'ங்கற கட்டளை கூடும், 'போதும்'ங்கறது குறையும். அதுலயும் சதை ஏற்கெனவே சுருங்கின நிலையில இருக்கும்போது வேலை செஞ்சா சட்டுன்னு பிடிச்சுக்கும். ஃபின் அடிக்கும்போது பாதத்தை நீட்டியே வச்சிருக்கோம், அதாவது கெண்டைச்சதை முழு நேரமும் சுருங்கின நிலைதான். நீட்டி விட்டா ஏன் உடனே அவுறுதுன்னு இப்ப புரியும்.

அதுக்காக தண்ணி குடிக்காம போகாதீங்க. கடலுக்குள்ள இறங்கினதும் கை கால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறும், உடம்பு தண்ணி அதிகமா இருக்குன்னு நினைச்சு சிறுநீரா வெளிய தள்ளும், சிலிண்டர் காத்தும் வறண்ட காத்து. இழக்கிறத ஈடு கட்டித்தான் ஆகணும்.

வீட்டுல செய்ய வேண்டியது சுலபம். மாடிப்படி நுனியில முன்பாதத்தை வச்சு குதிகாலை ஏத்தி, இறக்கும்போது ரொம்ப மெதுவா, படி மட்டத்துக்கும் கீழ வரைக்கும் இறக்குங்க. அப்புறம் சுவரை பிடிச்சுக்கிட்டு முட்டி நேரா ஒரு தடவை, முட்டி லேசா மடக்கி ஒரு தடவை, 30 நொடி நீட்டுங்க. மடக்கி செய்யறத எல்லாரும் விட்டுடறாங்க, உள்ள இருக்கற சோலியஸ் சதைக்கு அதுதான். ட்ரிப்புக்கு முந்தின வாரம் ஆரம்பிச்சா பத்தாது, வாரக்கணக்குல செய்யணும்.

அப்புறம் தயவு செஞ்சு இதை கவனிங்க: நீட்டினா விட்டுடற வலிதான் குறக்களி. டைவ் முடிஞ்சு முட்டி, இடுப்பு, தோள்பட்டைன்னு மூட்டுல வலி, மரத்துப்போறது, ஊசி குத்தற உணர்வுன்னா அது டிகம்ப்ரஷன் சிக்னஸா (அழுத்தம் குறையும்போது உடம்புக்குள்ள வாயுக்குமிழ் உண்டாகறதால வர்ற நோய்) இருக்கலாம், ஆக்சிஜன் குடுத்து உடனே டைவ் மருத்துவரை கூப்பிடணும், தைலம் தேய்ச்சுட்டு தூங்கிடாதீங்க. நீண்ட விமானப் பயணத்துக்கப்புறம் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடா, விடாம வலிச்சா ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அதை அமுக்கி விடவே கூடாது, நேரா ஆஸ்பத்திரி. கொலஸ்ட்ரால், பிபி மாத்திரை எடுக்கறவங்களுக்கு குறக்களி அடிக்கடி வந்தா உங்க டாக்டர்கிட்ட சொல்லுங்க, மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க.

பாறைமீன்:

அக்கா, அந்த முட்டி மடக்கி செய்யற விஷயத்துக்கு கோடி நன்றி. நிலாவெளி அண்ணன் சொன்ன ஈயம் கணக்கை எல்லா கத்துக்குட்டிகளுக்கும் அனுப்பி வச்சிருக்கேன்.

ஃப்ராக் கிக் (தவளை மாதிரி உதைக்கிறது) கேட்டு தனியா எழுதினவங்களுக்கு இங்கயே சொல்றேன். முதல்ல கரையில, ஒரு பெஞ்ச்ல குப்புற படுத்துக்கிட்டு ஃபின் இல்லாம பழகுங்க. குதிகாலை பின்பக்கமா மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, உள்ளங்கால் பின்னாடி பாக்கற மாதிரி வச்சு, ரெண்டையும் வளைச்சு ஒண்ணு சேருங்க. சேர்ந்ததும் நிறுத்தணும். அந்த நிறுத்தம்தான் இதோட உயிர், வழுக்கிட்டு போற நேரம் முழுக்க கால் ஓய்வுல இருக்கு. அவசரப்பட்டு அடுத்த உதைக்கு போறவங்களுக்கு இதுலயும் கால் பிடிக்கத்தான் செய்யும். அப்புறம் நீச்சல் குளத்துல ஒரு முனையிலேர்ந்து மறு முனைக்கு எத்தனை உதைன்னு எண்ணி, அதை குறைச்சுட்டே வாங்க. ஃப்ளட்டரே (கால் மாத்தி மாத்தி மேலயும் கீழயும் உதைக்கிறது) அடிக்கணும்னா இடுப்புலேர்ந்து அடிங்க, முட்டி லேசா தளர்வா இருந்தா போதும். ஃப்ராக் கிக்ல இன்னொரு லாபம், தண்ணி பின்னாடி போறதால அடி மண்ணு கிளம்பாது, பாண்டிச்சேரி மாதிரி அடிக்கடி கலங்கற தண்ணில பின்னாடி வர்றவங்க உங்களை வாழ்த்துவாங்க.

பேக் கிக் (பின்பக்கமா நகர உதைக்கிறது) நல்லா வர்றவங்க யாராவது இருந்தா அடுத்து எழுதுங்க, கணுக்காலை எந்த நேரத்துல திருப்பறீங்கன்னு மட்டும் விவரமா சொல்லுங்க, பெரும்பாலானவங்க சிக்கறது அங்கதான்.