செபாங் 2012: நரேனுக்குத் தண்டனை நியாயமா?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
செபாங்கில் நடந்த மலேசிய கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் இந்திய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயனை ஒரு சுற்று முந்திக்கொண்டிருந்த ரெட்புல் ஓட்டுநர் செபாஸ்டியன் வெட்டலின் பின் இடது டயர் உரசிக் கிழிந்ததற்கு, நரேனுக்கு 20 விநாடி தண்டனை விதித்தது சரிதானா?

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்):
சரியென்று என் மனம் ஏற்கவில்லை. நீலக்கொடி காட்டப்பட்டவர் வழிவிட வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் நரேன் இடப்பக்கம் ஒதுங்கியே ஓட்டினார், முந்துபவரும் முழுமையாகக் கடக்கும் வரை இடைவெளி விட்டிருக்க வேண்டும். அதே பந்தயத்தில் நரேன் மீது மோதி காரின் முன் இறக்கையை இழந்த மெக்லாரன் ஓட்டுநர் ஜென்சன் பட்டன், தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொண்டார்.

பதில் (உப்பளம், புதுச்சேரி):
நான்காம் இடத்திலிருந்த வெட்டல் 11ஆம் இடத்துக்குச் சரிந்து புள்ளியின்றி முடித்ததால் அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால், முழு மழை டயருடன் தொடங்கி, எச்ஆர்டி போன்ற பின்தங்கிய அணியின் காரை நரேன் பத்தாம் இடம் வரை கொண்டுசென்றதைப் பற்றி யாருமே பேசாததுதான் எனக்கு வருத்தம்.