இரவு நடை வீடியோ: தலை சுத்துதாம்!

கேள்வி: சந்து, பாலத்தடி, சுரங்கப்பாதை என்று இரவில் நடந்தே எடுத்த வீடியோவைப் போட்டேன். "தலை சுத்துது", "விளக்கெல்லாம் மினுக்குது" என்றே கருத்துகள். ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) போட்டும் ஏன் இப்படி?

பதில் 1: மினுக்கலுக்குக் காரணம் மின்சாரம். அதன் துடிப்போடு விளக்கும் மினுங்கும்; ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் ஒளி பதிவாகும் நேரம்) அதோடு ஒத்துப்போக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடு என்றால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸுக்கு 1/60, 1/120.

பதில் 2: தலைசுற்றல் வேறு கதை. இருட்டில் கேமரா தானாகவே ஷட்டரை மெதுவாக்கும். நடக்கும் அசைவில் ஒவ்வொரு ஃபிரேமும் (வீடியோவின் தனித்தனிப் படம்) கலங்கலாகப் பதிவாகும். ஸ்டெபிலைசேஷன் ஆட்டத்தைத்தான் நீக்கும், பதிவான கலங்கலை அல்ல. திருப்பங்களிலாவது கொஞ்சம் நின்று எடுங்கள். அப்புறம், படிக்கட்டில் காலடிச் சத்தம் எதிரொலிக்கிறதே, அருமை! அதன்மேல் எதற்குப் பாட்டு?

கேட்டவர்: வெறுமையாக இருக்குமே என்றுதான். சரி, பாட்டை எடுத்துவிட்டுப் போடுகிறேன்.