வீட்டில் கிளாசிக்கல் கிறிஸ்தவக் கல்வி: லத்தீன் எதற்கு?

டாலஸ்_அம்மா:
எங்கள் சபையில் பாதிப் பேர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டு வீட்டிலேயே லத்தீன், தர்க்கம் எல்லாம் கற்றுக்கொடுக்கிறார்கள். என் மகளுக்கு 8 வயது. எனக்கோ லத்தீனில் ஆமென்கூடச் சரியாக வராது. இது சரிப்படுமா?

லத்தீன்_வாத்தியார்:
இதன் வேர் 1947இல் டோரதி சேயர்ஸ் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய உரை. துப்பறியும் கதை எழுதியவரேதான். இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி என்ற இடைக்காலப் பாடமுறையைப் பிள்ளைகளின் வளர்ச்சியோடு பொருத்தி, முதல் கட்டத்தைக் கிளிப்பிள்ளைப் பருவம் என்றார். உங்கள் மகள் இருப்பது அங்கேதான். வாய்ப்பாடு, வசனம், லத்தீன் விகுதி எதைக் கொடுத்தாலும் பாட்டாகப் பாடி மனதில் போட்டுக்கொள்வாள், நீங்களும் கூடவே படித்துக்கொள்ளலாம். நம் ஊர் மனப்பாடம்தானே என்று கேட்காதீர்கள், பன்னிரண்டு வயதுக்கு மேல் அதையே கேள்வி கேட்க வைப்பதுதான் வித்தியாசம். அதைச் செய்யாமல் விட்டால் வெறும் கிளிதான்.

இரண்டு_பிள்ளை_அப்பா:
டெக்சஸில் வீட்டுக்கல்வியும் தனியார் பள்ளி மாதிரிதான், மாநிலத் தேர்வு கிடையாது. அது வசதி, ஆனால் பிள்ளை கணக்கில் பின்தங்கினால் சொல்ல ஆளில்லை. எங்களுக்கு அப்படித்தான் ஒரு வருடம் போனது.

டாலஸ்_அம்மா:
கல்லூரிக்கு?

லத்தீன்_வாத்தியார்:
எஸ்ஏடி என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை எழுதலாம். இந்த வகைப் பிள்ளைகள் அதிகம் எழுதும் சிஎல்டி (கிளாசிக் லேர்னிங் டெஸ்ட்) தேர்வையும் புளோரிடா அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023இலிருந்து ஏற்கின்றன. அப்புறம், லத்தீனுக்கு முன் கணக்குப் புத்தகத்தை முடிவு செய்யுங்கள்.