டியூப் போடுறவருக்கு டெஸ்ட்டில் எப்பவும் கிருமி: ஒவ்வொரு தடவையும் மருந்து வேணுமா?

மலர், சுங்கை சிப்புட்
வணக்கம். என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிக்கிட்டு இருந்தவர். மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு போச்சு, நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. டியூப் போட்டுத்தான் ஒன்னுக்கு எடுக்கிறோம். செக்-அப் போறப்பல்லாம் கிருமி இருக்குன்னு ஒரு வாரத்துக்கு அண்டிபயோட்டிக் தர்றாங்க. காய்ச்சல் இல்லை, நல்லா சாப்பிடுறார். மருந்து எடுத்தாத்தான் வயிற்றுப்போக்கு. விட்டா கிட்னிக்குப் போயிருமோன்னு பயமா இருக்கு.

ராணி அக்கா
பார்லி தண்ணி காய்ச்சிக் குடும்மா. சூடு தணியும்.

கூலிம் அண்ணன்
தங்கச்சி, நானும் சக்கர நாற்காலிதான். டியூப் போடுறவங்க சிறுநீர்ப்பையில் கிருமி இருக்கிறது சகஜம். தொந்தரவு தராத கிருமிக்கு மருந்து கொடுத்துக்கிட்டே இருந்தா, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும். நாத்தம், கலங்கல், டெஸ்ட் பட்டை நிறம் மாறினது, இதை மட்டும் வெச்சு மருந்து தேவையான்னு டாக்டர்கிட்ட தைரியமா கேளுங்க.

நமக்கு எரிச்சல் தெரியாது, உடம்பு வேற விதமா காட்டும். குளிர்காய்ச்சல், கால் இழுப்பு திடீர்னு கூடுறது, ஒரு டியூப்புக்கும் அடுத்த டியூப்புக்கும் நடுவுல சிறுநீர் ஒழுகுறது, காரணமில்லாத அசதி. அப்போ தாமதிக்காம போங்க. முதல் மாத்திரைக்கு முன்னாடியே, புது டியூப்பில் பிடிச்ச சிறுநீரைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்டுக்குக் கொடுங்க. எந்த மருந்து கேட்கும்னு அதுலதான் தெரியும்.

பார்லி தண்ணி குடிக்கட்டும், ஆனா தண்ணி கூடினா டியூப் போடுற தடவையும் கூடணும். ஒரு தடவைக்கு 500 மில்லிக்கு மேல வந்தா இடைவெளியைக் குறைங்க. மலச்சிக்கலையும் கவனிங்க.

அவருக்கு அடி எந்த இடத்தில்?

மலர், சுங்கை சிப்புட்
டி4, நெஞ்சுப் பக்க முதுகெலும்பில் நாலாவதுன்னு பேப்பர்ல இருக்கு அண்ணே.

கூலிம் அண்ணன்
அப்போ இதைக் கட்டாயம் தெரிஞ்சுக்குங்க. டி6-ம் அதுக்கு மேலயும் அடிபட்டவங்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலோ கிருமி முத்தினாலோ பிரஷர் திடீர்னு ஏறும். தலை வெடிக்கிற வலி, முகம் சிவந்து வேர்க்கும். நிமிர்த்தி உட்கார வைங்க, இறுக்கமான துணியைத் தளர்த்துங்க, உடனே டியூப் போட்டு எடுங்க. அடங்கலைன்னா 999-ஐக் கூப்பிடுங்க. நம்மில் பலருக்கு வழக்கமான பிரஷரே (மேல் அளவு) 90, 100தான். 140ஐப் பார்த்து நார்மல்னு யாராவது சொன்னா விடாதீங்க, அவர் வழக்கமான அளவைச் சொல்லுங்க. பக்கவாதம் வரைக்கும் போகக்கூடிய விஷயம் இது.

மலர், சுங்கை சிப்புட்
வழக்கமா 100தான் அண்ணே. பேப்பர்ல எழுதி அவர் பையில வெச்சுடுறேன். கல்ச்சர் சாம்பிள் வீட்டிலேயே பிடிச்சா?

கூலிம் அண்ணன்
கிளினிக் கொடுக்கிற சுத்தமான போத்தல்ல பிடிச்சு சீக்கிரம் கொடுங்க. நேரமாகும்னா பிரிட்ஜில் வைங்க, வெளியே வெக்கையில் வைக்காதீங்க.